அநாதைப் பாத்தியும் கை கழுவிய தண்ணீரும்

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, இரண்டு என் தங்கச்சி விட்டுப்போனவை. ஆறும் ஆளாகிவிட்டன. நான் வளர்த்துவிட்ட மிளகாய்க் கன்றுகளை எண்ணப்போனால் இந்த வவுனியாச் சனத்தைவிடக் கூட வரும். ஆகையால் கன்று வளர்க்கிறதைப் பற்றி யாராவது கேட்டால் நான் கூச்சப்படுவதில்லை.

நாற்றுப்பண்ணையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் போன கிழமை வந்து, பழைய கதை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ என்று கேட்டீர்கள். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. பஸ் பலகை வாசிப்பேன், என் பெயரை எழுதுவேன், அதற்கு மேல் தேவைப்படவில்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் சீர்செய்துதான் எழுதுவாள். படித்த பிள்ளை, அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

விதை எப்படிப் போடுவது, எரு எவ்வளவு போடுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித்தரச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் உங்களிடம் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, மண்ணுக்குள் இருக்கிற பூஞ்சணத்தை வைத்து மிளகாயைக் காப்பாற்றப் போய் நாங்கள் பட்ட பாட்டை.

நான் தேயிலை மலையில் பிறந்தவள். எழுபத்தேழில் கலவரம் வந்தபோது பிள்ளைகளையும் ஒரு சட்டிபானை மூட்டையையும் கொண்டு கீழே இறங்கி, நெளுக்குளத்துக்கு அங்கால் காட்டோரமாகக் குடிசை போட்டேன். மலையில் மழை கேட்காமலே வரும். வன்னியில் கேட்டாலும் வராது. இரண்டு வருடம் கூலிக்குக் களை பிடுங்கிவிட்டுப் பிறகு நாற்றுப்பண்ணையில் சேர்ந்தேன். கொஞ்சக் காலத்திலேயே பெண்களுக்கு நான்தான் தலைவி. யாரும் நியமிக்கவில்லை. என் குரல் பெரியது, அவ்வளவுதான்.

அங்கே வேலை செய்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போல மலையிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண்கள். அவர்களில் பரமேஸ்வரி அக்கா முக்கியமானவர். துப்புரவு என்றால் அவருக்கு உயிர். அவர் கூட்டிவிட்ட இடத்தில் நடக்கக் கோழிகூட யோசிக்கும். பம்பு இயக்குவதற்குச் சின்னராசண்ணை இருந்தார். அவர் வாயில் வெற்றிலை இல்லாமல் நான் பார்த்ததில்லை.

எண்பது பிறந்து கொஞ்ச வருடத்தில் ஒரு மாரிமழை எங்களை ஏமாற்றியது. கிணற்றுக்குள் வாளியை விட்டால் அடிமண்ணில் தட்டுகிற சத்தம் கேட்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் பம்பு எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்களாம். பம்பை லொறியில் ஏற்றிவிட்டுப் பண்ணையை மூடுவது, ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது என்று பேச்சு வந்தது. வீட்டுக்கு என்றால் எந்த வீட்டுக்கு? எனக்கு இருந்தது மழையை நம்பின ஒரு துண்டு நிலம். பண்ணைக் கூலி நின்றால் மறுபடியும் மூட்டை கட்டவேண்டும். இந்தத் தடவை எந்தப் பக்கம் இறங்குவது என்றும் தெரியாது. எனக்கு மட்டுமில்லை, என்னோடு நின்ற அத்தனை பேருக்கும் அதே நிலைமைதான்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஐயா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிட இளையவர். அவர் மேலிடத்தில் கெஞ்சி ஒரு தவணை வாங்கினார். குறைந்த தண்ணீரில் மிளகாயை நிற்கவைத்துக் காட்டுகிறேன், பதவியில் பெரியவர் ஒருவரை அனுப்பிப் பாருங்கள், அது நிற்காவிட்டால் மூடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். வரும்போது ஒரு சாக்கு மண்ணையும் கொண்டுவந்தார். அதை பஸ்ஸின் கூரையில் போட விடாமல் பக்கத்துச் சீட்டில் இருத்திக் கொண்டுவந்தாராம். வெயில் பட்டால் உள்ளே இருக்கிறது செத்துவிடும் என்று பயம்.

"உள்ள என்னங்க ஐயா இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"பூஞ்சணம்."

பரமேஸ்வரி அக்கா ஓரடி பின்னுக்குப் போனார். "பூஞ்சணம் பிடிச்ச மண்ணையோ இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"இது நல்ல பூஞ்சணம் அக்கா. சோளம் வளர்த்த மண், வேரையும் நறுக்கிப் போட்டிருக்கு. இது கன்றின்ர வேருக்குள்ள போய்க் குடியிருக்கும். அங்கயிருந்து மயிரை விட மெல்லிசா நூல் விடும். வேர் போகமுடியாத இடுக்குக்குள்ள அந்த நூல் போய்த் தண்ணியையும் சத்தையும் இழுத்துக்கொண்டு வந்து குடுக்கும். பதிலுக்குக் கன்று அதுக்குச் சாப்பாடு போடும்."

"கண்ணுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"என்ர வீட்டில கண்ணுக்குத் தெரியிறதே வேலை செய்யிறேல்ல" என்றார் பரமேஸ்வரி அக்கா. அவருடைய புருஷன் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாத மனிதர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஐயா அந்த மண்ணை நாற்றுமேடையில் தன் கையாலேயே கலந்துவிட்டு, விதை எடுத்துவர வவுனியாவுக்குப் போனார். அடுத்த நாள் அவர் திரும்பி வந்தபோது மேடையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. விதை போடுமுன் மேடையில் வைக்கோலும் உமியும் பரப்பிக் கொளுத்துவது எங்கள் வழக்கம். மண்ணில் இருக்கிற நோயெல்லாம் போகும். பரமேஸ்வரி அக்கா அன்றைக்கு யாரும் கேட்காமலே இரண்டு பங்கு உமி போட்டிருந்தார்.

"என்ன செய்தனீங்கள் அக்கா?"

"வடிவா எரிச்சுவிட்டனான் ஐயா. நீங்கள் கொண்டுவந்த மண்ணில என்ன இருந்துதோ தெரியாது, இனி ஒரு பூஞ்சணமும் மிஞ்சாது. பயப்பிடாதேங்கோ."

ஐயா வரம்பில் குந்திவிட்டார். இப்போது கத்தப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். எனக்குத் தெரிந்த மேலாளர்கள் மலையில் கத்துவார்கள், தொப்பியைத் தரையில் அடிப்பார்கள். இவர் ஒரு பிடி சாம்பலை எடுத்துப் பார்த்தார். பிறகு, "வடிவாத்தான் எரிச்சிருக்கிறீங்கள்" என்றார். "எரிக்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. இது உயிருள்ள சாமான் எண்டும் விளங்கச் சொல்லேல்ல. உங்களில பிழையில்லை."

பிள்ளைகளே, கத்தியிருந்தால் பரமேஸ்வரி அக்கா அன்றோடு வேலையை விட்டிருப்பார். நாங்களும் பின்னால் போயிருப்போம். அவர் கத்தாதபடியால், அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் அவரிடம் எதையும் சொல்லப் பயப்படவில்லை. அது பின்னுக்கு உதவியது, சொல்கிறேன்.

நல்லகாலமாக அவருடைய அறையில் கட்டிலுக்குக் கீழே ஒரு சின்னப் பையில் அதே மண் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைக் கொண்டு சின்னதாக ஒரு மேடை போட்டோம். பக்கத்தில் அந்த மண் போடாத மேடையும் ஒன்று. இரண்டிலும் ஒரே விதை. கன்று தலையெடுத்ததும் இரண்டு பாத்திகளில் நட்டோம். இரண்டு பாத்திக்கும் ஒரே அளவு தண்ணீர், அதுவும் தொண்டை நனைகிற அளவுதான். அப்படி விட்டால்தான் எது தாங்குகிறது, எது விழுகிறது என்று தெரியும் என்றார் ஐயா. எங்களுக்கும் விளங்கியது. விளங்கியது என்று எல்லோரும் தலையாட்டினோம்.

அங்கேதான் ஒரு பிழை நடந்தது. பாக்கியம் என்று ஒருத்தி இருந்தாள், என்னோடு மலையிலிருந்து வந்தவள், எதற்கும் பட்டப்பெயர் வைப்பாள். பூஞ்சணம் போட்ட பாத்திக்குச் சீதனக்காரி என்று பெயர் வைத்தாள். போடாத பாத்திக்கு அநாதை. பெயர் ஒட்டிக்கொண்டது. ஐயாகூடச் சில நேரம் வாய்தவறி அப்படித்தான் சொல்வார்.

கொஞ்ச நாளில் அநாதை தலையைத் தொங்கப்போட்டது. சீதனக்காரி மத்தியான வெயிலில் கொஞ்சம் சோர்ந்தாலும் பின்னேரம் நிமிர்ந்துவிடும். ஐயாவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. பிறகு எல்லாம் தலைகீழானது. அநாதை எழும்பத் தொடங்கியது. எழும்பியது மட்டுமில்லை, தளதளவென்று இலை விட்டுச் சீதனக்காரியை விட உயரமாக நின்றது. ஐயா கவலையில் தன் சாப்பாட்டைக் குறைத்தார். பாத்திக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தனக்குள்ளேயே பேசுவார். ஒருநாள் பூதக்கண்ணாடியோடு அநாதைக்குள் இறங்கியவர், "மாரியாயி அக்கா, ஓடியாங்கோ" என்று கூப்பிட்டார். மாரியாயி என் பெயர்.

"பாருங்கோ, அடித்தண்டில சிவப்புச் சிவப்பாப் புள்ளி. மண்ணிலயும் கிடக்கு. இப்பிடி ஒரு நோயை நான் புத்தகத்திலயும் காணேல்ல."

நான் பூதக்கண்ணாடி இல்லாமலே பார்த்தேன். அது வெற்றிலைச் சாறு.

"அது தானா போயிருங்க ஐயா" என்று அவரை அனுப்பிவிட்டு நான் மட்டும் பாத்தியை நன்றாகப் பார்த்தேன். ஒரு கன்றின் அடியில் தேயிலைத்தூள். இன்னொன்றின் அடியில் சோற்றுப்பருக்கை. பாத்தி ஓரம் முழுக்க மீன்செதில், வெயிலில் சல்லிக்காசு மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. மண்ணைக் கிளறினால் ஈரம்.

மத்தியானம் எல்லோரையும் சமையல் கொட்டிலுக்குக் கூப்பிட்டேன். பண்ணையில்தான் நாங்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவோம்.

"அநாதைக்கு யாரு தண்ணி ஊத்துனது?"

முதலில் பாக்கியம், "நான் ஊத்தல. குடிச்ச மிச்சத் தேயிலைச் சாயத்தண்ணியை வெறுந்தரையிலயா கொட்டச் சொல்றீங்க?" என்றாள்.

"நான் மீன் கழுவின தண்ணி விட்டனான்" என்றார் பரமேஸ்வரி அக்கா. "அதுவும் ஒருநாள்தான்."

"ஒருநாள் மீனுக்கு அவ்வளவு செதிலாக்கா?"

"பெரிய மீன்."

சின்னராசண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். "நான் ஒரு சொட்டும் ஊத்தேல்ல. நான் வாய் கொப்புளிச்சுத் துப்பினனான்."

இப்படியே ஒவ்வொருவராக வந்தது. அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலம்பிய தண்ணீர், பிள்ளையின் முகம் கழுவிய தண்ணீர். கையில் தண்ணீர் இருக்க, வாடின கன்றைக் கடந்து போவது எங்களில் யாருக்கும் முடியாத காரியம். இந்த ஊரில் கை கழுவுகிறவர்கூட ஒரு வாழையடியோ கறிவேப்பிலையடியோ தேடிப்போய்த்தான் கழுவுவார். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் இந்தப் பாவத்தைச் செய்கிறேன் என்று நினைத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் செய்திருக்கிறார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் ஊற்றவில்லை. நான் கை கழுவினேன். கை கழுவுவது வேறு.

"சீதனக்காரிக்கு யாராச்சும் ஊத்துனீங்களா?"

"அவளுக்கேன்? அவள்தான் நிமிர்ந்து நிக்கிறாளே" என்றார் பரமேஸ்வரி அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாரியாயி, இனி இதைச் சொன்னா அந்த மனிசனுக்கு நெஞ்சடைச்சுப் போகும். பெரியவர் வரவும் இன்னும் கன நாள் இல்லை. சீதனக்காரிக்கும் ரண்டு வாளி ஊத்திவிடுவம். ரண்டும் வடிவா நிக்கும். பெரியவர் சந்தோசமாப் பார்த்திட்டுப் போவார்."

கொட்டிலில் இருந்த எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும் கொஞ்சநேரம் அப்படித்தான் பட்டது. பிறகு யோசித்தேன். "ரெண்டும் நின்னா, பூஞ்சணம் எதுக்குன்னு கேப்பாரு. பூஞ்சணம் இல்லாமலே நிக்குதேன்னு சொல்லிட்டுப் பம்பைத் தூக்கிட்டுப் போயிருவாரு" என்றேன். நான் எழும்பி ஐயாவிடம் போனேன். அவர் கத்தாத மனிதர் என்பது அப்போது எனக்குக் கைகொடுத்தது.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எல்லாருமோ?"

"எல்லாருந்தாங்க."

"அந்தச் சிவப்புப் புள்ளி?"

"சின்னராசண்ணன் வாய்ங்க."

அவர் சிரிக்கத் தொடங்கினார். வறட்சி தொடங்கினதற்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கண்ணீர் வர வரச் சிரித்தார். "அப்ப என்ர பூஞ்சணம் தோற்கேல்ல" என்றார். "உங்கட இரக்கத்தோட போட்டி போட்டு நிண்டிருக்கு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரியவர் வருகிற வரைக்கும் இரண்டு பாத்திக்கும் ஒரு சொட்டும் விடுவதில்லை என்றார்.

"ரெண்டும் செத்துப்போனா ஐயா?"

"செத்தா, நானும் உங்களோட சேர்ந்து மூட்டை கட்டுறன்."

அந்த நாட்கள் பெரிய சோதனை. கை கழுவுகிற பீப்பாவைப் பண்ணையின் மற்ற மூலைக்கு உருட்டிக்கொண்டு போய், வாழையடியில் வைத்தோம். சின்னராசண்ணை துப்புவதற்கு வேலிக்கு வெளியே போகவேண்டும் என்று சட்டம் போட்டேன். போய்த் திரும்பவே அவருக்குப் பாதி வேலைநேரம் போனது. பரமேஸ்வரி அக்கா அநாதையைக் கடக்கும்போது சேலைத்தலைப்பால் கண்ணை மறைத்துக்கொண்டு கடப்பார். ஒருநாள் அப்படிப் போய் வேலிக் கதியால் கம்பில் நெற்றியை இடித்துக்கொண்டார். நான் கையில் தடியோடு நின்றேன். தண்ணீர்ப் பாத்திரத்தோடு எவரைக் கண்டாலும் "எங்க போறே?" என்று கேட்பேன். மலையில் என்னைக் கங்காணி விரட்டினதை நினைத்துக்கொண்டேன். இப்போது நான் விரட்டுவது இரக்கப்படுகிறவர்களை.

அநாதை விழுந்தது. நாங்கள் தினமும் மேலே மேலே ஊற்றினதில் அதன் வேர் சோம்பலாக மேல்மண்ணிலேயே கிடந்ததாம். சீதனக்காரியும் வாடினாள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பொழுதுபடும்போது இலையைத் தூக்கிவிடுவாள்.

பெரியவர் ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, சிரித்துப் பழகாத முகம். இரண்டு பாத்தியையும் பார்த்தார். விரலால் மண்ணைக் குத்தினார்.

"நல்லா நிக்குது" என்றார், சீதனக்காரியைக் காட்டி. "நிக்காதோ? இந்தப் பக்கத்துக்குக் களவாத் தண்ணி விட்டுப்போட்டு, அந்தப் பக்கத்தைக் காயவிட்டு, எனக்கு வேடிக்கை காட்டுறியள்."

ஐயாவின் முகம் வெளிறியது. "இல்லை ஐயா, இது வேருக்குள்ள இருக்கிற பூஞ்சணம்..."

"எங்க? காட்டும் பார்ப்பம்."

"கண்ணுக்குத் தெரியாது ஐயா."

"கண்ணுக்குத் தெரியாததைக் கோயில்ல காட்டும். எனக்குக் காட்டவேண்டாம்." பெரியவர் சாரதி பக்கம் திரும்பினார். "நாளைக்கு லொறி வரட்டும். பம்பைக் கழட்டுங்கோ."

எவ்வளவு பெரிய குரல் என்னிடம் இருந்தது, அப்போது ஒரு சொல் வரவில்லை. பரமேஸ்வரி அக்காதான் பேசினார். "ஐயா, சாப்பிடாமப் போகாதேங்கோ. சமைச்சுப் போட்டம்."

பண்ணையை மூடவந்தவர் என்றாலும் பசி என்றால் பசிதான். பெரியவர் கோபமாகவே உட்கார்ந்து சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார். கோபமாகவே இன்னொருமுறை குழம்பு கேட்டார். சாப்பிட்டு முடிந்ததும் பாக்கியம் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். பீப்பா தூரத்து மூலையில் இருந்தது அவருக்குத் தெரியாது. செம்போடு எழும்பி, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, நேரே அநாதைப் பாத்திக்குப் போனார். ஒரு கன்றின் அடியில் கையைக் கழுவினார். மிச்சத்தைப் பக்கத்துக் கன்றின் அடியில் மெதுவாக ஊற்றினார். ஊற்றிவிட்டு, தொங்கின தலையை ஒரு விரலால் நிமிர்த்தியும் பார்த்தார்.

"ஐயோ!" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். செம்பு அவர் கையிலிருந்து விழுந்தது.

"என்ன, என்ன?"

எனக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க ஐயா. ஏன் அந்தப் பக்கம் போய் ஊத்துனீங்க?"

"வாடிக் கிடக்கு. அதைப் பார்த்துக்கொண்டு தண்ணியை வெறும் நிலத்தில விடுறதோ?"

"இந்தப் பக்கம் நிக்குதே, இதுக்கு ஏன் ஊத்தல?"

"அதுக்கேன்? அது நல்லாத்தானே..."

அவர் அதோடு நிறுத்திவிட்டார். கீழே கிடந்த செம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இஞ்ச களவு நடந்தது உண்மைதான் ஐயா" என்றார் பரமேஸ்வரி அக்கா. "ஆனா ஊத்தினது முழுக்க நீங்கள் ஊத்தின பக்கந்தான். நிமிர்ந்து நிக்கிறதுக்கு ஊத்த இஞ்ச ஒருத்தருக்கும் கை போகேல்ல. உங்களுக்கும் போகேல்லத்தானே?"

பெரியவர் கைலேஞ்சியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஐயாவிடம், "உந்த மண் இன்னும் இருக்கோ?" என்று கேட்டார்.

"சட்டியில சோளம் நட்டுப் பெருக்கலாம் ஐயா."

"அப்ப பெருக்கும். பம்பு இருக்கட்டும்."

ஜீப்பில் ஏறியபிறகு தலையை வெளியே நீட்டி, "இனி அந்தப் பக்கத்துக்கும் ஒரு வாளி விடுங்கோ, பாவம்" என்றார். ஜீப் வாசல் படலையைத் தாண்டுவதற்குள் பரமேஸ்வரி அக்கா குடத்தோடு பாத்திக்குள் நின்றார். சின்னராசண்ணை வாய் நிறைய வைத்துக்கொண்டு ஓடினார்.

அதற்குப் பிறகு அந்த மண்ணைச் சட்டி சட்டியாக வளர்த்தோம். மழையை நம்பின எங்கள் துண்டு நிலங்களுக்குப் போன கன்றுகள் எல்லாம் அந்த மண்ணில் வளர்ந்தவை. நான் மூட்டை கட்டவில்லை. பிறகு வேறு காரணங்களுக்காகக் கட்டவேண்டி வந்தது, அது வேறு கதை. தண்ணீருக்காகக் கட்டவில்லை.

ஆகையால் பிள்ளைகளே, பாத்திகளுக்குப் பெயர் வைக்காதீர்கள். இலக்கம் போடுங்கள். இலக்கத்தைப் பார்த்து யாருக்கும் இரக்கம் வராது. புது விஷயம் ஒன்றைச் சோதிக்கும்போது, கெட்டவர்களுக்குக் காவல் போடுவதை விட்டுவிட்டு நல்லவர்களுக்குக் காவல் போடுங்கள். கூட வேலை செய்கிறவர் பிழைவிட்டால், அடுத்த பிழையையும் உங்களிடம் வந்து சொல்லுகிற மாதிரி நடந்துகொள்ளுங்கள். பெரியவர்கள் சோதனைக்கு வந்தால் சாப்பாடு கொடுங்கள். கை கழுவ எங்கே போகிறார்கள் என்று பாருங்கள்.

அவ்வளவுதான். எங்கே, பேத்தி, பேனையை வைத்துவிட்டு முதலிலிருந்து வாசி, கேட்போம். நான் கை கழுவினேன் என்று சொன்ன இடத்தில் ஊற்றினேன் என்று எழுதியிருந்தால், அதை இப்போதே வெட்டிவிடு.